ஒன்பதரை வரி

எட்டே எட்டுக் கல். நூல் பிடித்த மாதிரி சுவர் ஒன்பது வரி ஏறிவிட்டது. பத்தாவது வரி பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. அந்த இடத்தில் இன்னும் எட்டே எட்டுக் கல் வைத்திருந்தால் பூங்காவனம் இந்நேரம் மற்றவர்களோடு தகரக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருப்பாள். அந்த எட்டும் எங்கேயும் ஓடிப்போய்விடவில்லை. தண்ணீரில் நனைத்து எடுத்து அடுக்கின மேனிக்கு அவள் காலடியிலேயே கிடந்து வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்தன. பன்னிரண்டு மணிக்கு விசில் ஊதியாகிவிட்டது. விசிலுக்குப் பிறகு சுவரில் கொத்துக் கரண்டி பட்டால் பேரை அடித்துவிடுவோம் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். பத்து வரி வராத சுவருக்குப் பாஸ் கிடையாது என்பதையும் அப்போதே சொன்னார்கள். ஆக, கல்லும் இருக்கிறது, கையும் இருக்கிறது, சுவரும் இருக்கிறது. மூன்றும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இதைவிட ஒரு மனுஷியை எப்படித்தான் வதைப்பது? கட்டிட வேலைப் பயிற்சி மையத்துக்குத் தேர்வு நடத்த வந்திருந்த அதிகாரி முதல் சுவரில் ஆரம்பித்து இப்போதுதான் நாலாவது சுவருக்கு வந்திருந்தார். ஒவ்வொரு சுவருக்கும் தூக்குக்குண்டு விட்டார், ரசமட்டம் வைத்தார், கட்டின ஆளைச் சுவர் பக்கத்தில் நிற்கவைத்து டேப்லட்டில் போட்டோ எடுத்தார், பிறகு அந்த டேப்லட்டில் விரலால் எதையோ தேய்த்துத் தேய்த்து நின்றார். மொத்தம் பன்னிரண்டு சுவர். அவளுடையது பதினொன்று. இந்த வேகத்தில் அவர் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும் போலிருந்தது. நிழலுக்குப் போகலாம் என்றால் மனசு வரவில்லை. சுவரை விட்டுப் போனால் அது இன்னும் குறைந்துபோய்விடும் என்பது போல அவள் அங்கேயே நின்றாள்.

ஏன் எழுந்தாள்? அதைத்தான் விசில் ஊதினதிலிருந்து தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். பதில் தெரிந்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறாவது வரி முடிந்து, ஏழாவதுக்கு மூலைக்கல் வைத்து, நூலை ஏற்றிக் கட்டியிருந்த நேரம். கை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நேரம் தாராளமாக இருக்கிறது, மூலைக்கு ஒரு தடவை கூடுதலாகத் தூக்குப் பார்க்கலாம் என்றுகூட நினைத்தாள். அப்போது பக்கத்தில், பன்னிரண்டாவது சுவரில், தனபால் கலவை தீர்ந்த இரும்புப் பாண்டின் விளிம்பில் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினான். டங், டங். தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமலே, "கலவே!" என்று ஒரு குரல் விட்டான். அவ்வளவுதான். பூங்காவனம் கரண்டியைக் கல்லின் மேல் வைத்தாள், எழுந்தாள், தோளில் கிடந்த துண்டைச் சுருட்டிச் சும்மாடு கோலித் தலையில் வைத்தாள், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தான் குழைத்து வைத்திருந்த கலவையிலிருந்து ஒரு பாண்டு அள்ளினாள், தலைக்கு ஏற்றினாள், இருபத்தைந்து தப்படி நடந்தாள், அவன் வலது கைக்கு எட்டுகிற இடத்தில் கொட்டினாள், காலிப் பாண்டை எடுத்துக்கொண்டு நடந்தாள். காது கேட்டது, கால் எழுந்தது. நடுவில் அவள் என்று ஒருத்தி இருந்ததாகவே தெரியவில்லை. ஒரு தடவை என்றாலும் போகட்டும், மூன்று தடவை. பதினாலு வருஷப் பழக்கத்துக்குப் பரீட்சை நடக்கிறது என்று தெரியுமா என்ன? மூன்றாவது பாண்டை இறக்கும்போது பிடரியில் சுருக்கென்று ஒரு வலி இறங்கி முழங்கை வரைக்கும் ஓடியது. அந்த வலிதான் அவளை எழுப்பிவிட்டது. கண்ணெதிரே ஒரு சுவர், ஆறு வரியும் ஒரு மூலைக்கல்லுமாக. யாருடைய சுவர் என்று ஒரு நொடி அவளுக்கே புரியவில்லை. புரிந்ததும் கரண்டியைப் பாய்ந்து எடுத்தாள். அதற்குப் பிறகு பேய் பிடித்த மாதிரி கட்டினாள். தொட்டிப் பக்கம் மிச்சமிருந்த கலவை தனக்கே பற்றாமல் போய், மறுபடி ஒரு குவியல் குழைக்க வேண்டியதாகி, அதில் இன்னும் கொஞ்சம் நேரம் போயிற்று. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். இவள் சொந்தத் தலையில் தூக்கிப் போய் வைத்துக்கொண்டாள்.

அதுவும் எந்தத் தலை? தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியனுப்பிய தலை. மாசி மாதம் பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, கழுத்தெலும்பு இந்த இடத்தில் தேய்ந்து நரம்பை அழுத்துகிறது, இனிமேல் தலையில் சுமை வைத்தால் கை மரத்துப்போகும், ஒரு நாள் ஒரேயடியாக விளங்காமலே போகும் என்று அந்த அம்மா சொன்னார். சொல்லிவிட்டு, "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். "சித்தாள் வேலை." டாக்டரம்மா படத்தை உறையில் போட்டுக் கொடுத்தார். வலது கையில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் அப்போதே பாதி நேரம் அவளுடையவையாக இல்லை. சட்டியைத் தொட்டால் சூடு தெரியாது, பேருந்தில் சில்லறையைத் தடவினால் எது எதுவென்று தெரியாது. எக்ஸ்ரே உறையைத் துணி மூட்டைக்கு அடியில் செருகிவிட்டு, கால்சியம் மாத்திரை கொடுத்தார்கள் என்று வீட்டில் சொன்னாள். புருஷன் காத்தவராயனிடம் சொல்லாததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை, பயம்தான். கழுத்து போன சித்தாள் என்று ஒரு தடவை பேர் வந்துவிட்டால் எந்த மேஸ்திரி கூப்பிடுவான்? கட்டிடத்தில் பெண்ணுக்கு இருப்பது ஒரே வேலை. அதற்கு வேண்டியது தலை. ஆண் என்றால் சித்தாளாக நுழைந்து, கரண்டி பிடித்து, கொத்தனாராகி, மேஸ்திரியாகலாம். பெண் சித்தாளாக நுழைந்து சித்தாளாகவே கிழவியாகலாம். நலவாரிய அட்டையைப் புதுப்பிக்கப் போன இடத்தில், பெண்களுக்குக் கொத்தனார் பயிற்சி என்று சுவரில் ஒட்டியிருந்ததை ஒருத்தி வாசித்துச் சொன்னபோது பூங்காவனம் சட்டென்று போய்ப் பேர் கொடுத்தது ஆசையால் மட்டும் அல்ல. கரண்டி தலையில் வைக்கிற சாமான் இல்லை. கையில் பிடிக்கிற சாமான். அந்த ஒரு கணக்குதான். இன்று பாஸானால் பிழைத்தாள். இல்லையென்றால் மறுபடி பாண்டு, மறுபடி தலை, இன்னும் இரண்டு விரல், அப்புறம் கை. எட்டுக் கல்லில் போய் நிற்கிறது அவளுடைய கை.

காத்தவராயன் கெட்டவன் இல்லை. குடிப்பது சனிக்கிழமை மட்டும், அடித்தது கிடையாது, கட்டின சுவர் எதுவும் கோணினதும் கிடையாது. செங்கம் பக்கத்திலிருந்து பட்டணம் வந்த நாள் முதல் இருவரும் ஜோடியாகத்தான் வேலைக்குப் போனார்கள். அவன் கொத்தனார், அவள் அவனுக்குச் சித்தாள். மேஸ்திரிகள் அப்படித்தான் கேட்பார்கள், "ஜோடியா வர்றியா, தனியாவா?" என்று, செருப்புக் கேட்கிற மாதிரி. பயிற்சிக்குப் போகிறேன் என்று சொன்ன அன்று அவன் கோபப்படவில்லை. உண்மையாகவே குழம்பிப்போய், "நீ கொத்து வேலைக்குப் போய்ட்டா எனக்கு யாரு கலவை தூக்குறது?" என்று கேட்டான். அவனுக்குத் தோன்றிய ஒரே கேள்வி அதுதான். அதை நினைக்கிறபோதெல்லாம் அவளுக்கு மேடவாக்கத்தில் கட்டின அடுக்குமாடி ஞாபகம் வரும். நாலாவது மாடி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் சிமெண்ட் மூட்டைக் காகிதத்தை விரித்துப் படுத்துவிட்டான். பாண்டில் கலவை மிச்சம், இறுகிவிடுமே என்று அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. கரண்டியை எடுத்தாள். எட்டு வருஷமாகப் பக்கத்தில் நின்று பார்த்த வேலைதானே. கலவையை விரித்து, கல்லை வைத்து, காம்பால் இரண்டு தட்டுத் தட்டி, பிதுங்கினதை வழித்து, அப்படி மூன்று கல் வைத்தாள். வைத்துவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு நூலைப் பார்த்தாள். நூலுக்கும் கல்லுக்கும் நடுவில் நூல் இழைதான் இருந்தது. அன்றைக்கு மாதிரி ஒரு சந்தோஷம் அவளுக்குக் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. காத்தவராயன் எழுந்து வந்து பார்த்தான். திட்டவில்லை. சிரித்தான். "பொம்பள வச்ச கல்லு, மேஸ்திரி பார்த்தா என்னத் தொலைச்சிடுவான்" என்று சொல்லிக் கரண்டியால் மூன்றையும் பெயர்த்து எடுத்தான், கலவையைச் சுரண்டினான், அதே மூன்று கல்லை அதே இடத்தில் அதே மாதிரி வைத்தான். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் வைத்ததும் நூலுக்குச் சரியாகத்தான் இருந்தது. இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. அது நடந்து ஆறு வருஷம் ஆகிறது, இன்னும் அவளுக்கு ஆறவில்லை.

அதிகாரி ஏழாவது சுவருக்கு வந்தார். ஏழாவது ஆள் சுவர் முன்னால் விறைப்பாக நின்று போட்டோவுக்குச் சிரித்தான். பூங்காவனம் மறுபடி எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. எட்டு. எண்ணினால் குறையுமா? ஒரு பாண்டு தூக்க நாலு நிமிஷம் என்று வைத்தால் மூன்று பாண்டுக்குப் பன்னிரண்டு. மறுபடி கலவை குழைத்தது ஒரு எட்டு. இருபது நிமிஷம். இருபது நிமிஷத்தில் எட்டுக் கல் வைத்து, கல்லிடைச் சந்துகளைக் கீறி, தண்ணீர் தெளித்து, சுவரைத் துணியால் துடைத்துப் பொட்டு வைத்துப் பூ வைத்திருக்கலாம். அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. மூன்று மாதம் என்ன பாடு! ஐந்து பெண்கள் சேர்ந்தார்கள். நாலு பேர் ஒவ்வொருத்தியாக நின்றுபோனார்கள். ஒருத்திக்கு மாமியார், ஒருத்திக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், ஒருத்திக்குப் படம் வரைகிற வகுப்பு புரியவில்லை, ஒருத்தி சொல்லிக்கொள்ளாமலே நின்றாள். இவளுக்கும் படம் புரியவில்லைதான். காகிதத்தில் கோடு போட்டால் சுவர் எப்படி ஆகும் என்று முதல் மாதம் முழுக்கத் தலை சுற்றியது. பிறகு ஒரு நாள், மேலே ஏறி நின்று குனிந்து பார்த்தால் அஸ்திவாரம் எப்படித் தெரியுமோ அதுதான் இந்தக் கோடு என்று பளிச்சென்று விளங்கிற்று. பதினாலு வருஷம் மாடி ஏறி ஏறிப் பார்த்தது வீண்போகவில்லை. கை பழகினதும் அப்படித்தான். மரத்துப்போன இரண்டு விரலை நம்பாமல் மீதி மூன்றை வைத்துக் கரண்டியைப் பிடிக்க ஒரு தினுசு கண்டுபிடித்தாள். கலவை குழைப்பதில் மட்டும் யாரும் அவளுக்குப் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. இங்கே பழகுகிற சுவருக்குச் சிமெண்ட் போட மாட்டார்கள், சுண்ணாம்பும் மணலும்தான். சாயங்காலம் இடித்து, கல்லைத் தட்டிக் கழுவி, மறுநாளைக்கு அடுக்கிவிட வேண்டும். சுண்ணாம்பை முந்தின நாளே ஊறப்போட்டு, சலித்து, மணலோடு மிதித்து மிதித்துக் குழைத்தால்தான் கட்டி விழாது. பயிற்சி கொடுக்கிற தயாளன் சார் அவள் கலவையை விரலில் எடுத்துப் பார்த்து, "வெண்ணெய் மாதிரி இருக்கும்மா" என்பார். அடுத்த பேச்சிலேயே, "ஆனா கலவைக்கு மார்க் கிடையாது" என்பார். கட்டினதுக்குத்தான் மார்க். கலவை இல்லாமல் எதை வைத்துக் கட்டுவார்களோ, அதை மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.

மோர் குடித்துவிட்டு வந்த தனபால் தன் சுவரை ஒரு தடவை சுற்றிவந்தான். முப்பது வயசு இருக்கும், பண்ருட்டிப் பக்கத்து ஆள், பன்னிரண்டு வருஷமாகக் கொத்து வேலை. அவனுக்குப் பயிற்சியெல்லாம் வேண்டியதில்லை, வெளிநாட்டு வேலைக்குச் சான்றிதழ் கேட்கிறார்கள் என்று தேர்வுக்கு மட்டும் வந்திருந்தான். காலையில் பக்கத்து இடம் என்று தெரிந்ததும், "அக்கா, பயப்படாத, கை தானா போவும்" என்று தைரியம் சொன்னவன். நல்லவன்தான். நல்லவர்களாகப் பார்த்துத்தான் இந்தச் சனியன் வந்து சேர்கிறது.

"ஏங்க்கா வெயில்ல நிக்கிற? வந்து ஒரு டம்ளர் மோர் குடி."

"வேணாம்பா."

அவன் அவள் சுவரைப் பார்த்தான். முகம் மாறியது. "அய்யய்யோ, ஏன்க்கா? நல்லாத்தானே வந்துக்கிட்டிருந்த? நடுவுல என்னா ஆச்சு?"

அவளுக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. என்ன ஆச்சா? வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவன் கண்ணில் விளையாட்டோ நடிப்போ எதுவும் இல்லை. நிஜமான வருத்தம் இருந்தது. அவள் "நேரம் போயிடுச்சு" என்றாள். அவன் உச்சுக்கொட்டிவிட்டுத் தன் சுவர்ப் பக்கம் போனான். அவள் பார்வையும் அவன் பின்னாலேயே போனது. போகாமல் இருந்திருக்கலாம். அவன் சுவரில் கீழே ஆறு வரிவரைக்கும் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டி தெரிந்தது. அது அவன் குழைத்தது. பன்னிரண்டு வருஷமாகக் கலவையை அவன் கையால் குழைத்திருக்க மாட்டான். ஏழாவது வரியிலிருந்து மேலே ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லை. ஒரே நிறம், ஒரே பதம், சந்து வழித்த இடம் வழவழவென்று இருந்தது. அந்த நாலு வரியும் அவள். சத்தியமாக அவள்தான். தன் சுவரில் இல்லாத வரி அடுத்தவன் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டு வெயிலில் மினுக்குவதைப் பார்த்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அந்தச் சிரிப்பு அவளுக்கே பிடிக்கவில்லை.

சொல்லிவிடலாமா? அதிகாரி எட்டாவது சுவருக்கு நகர்ந்தார். சொன்னால் என்ன ஆகும்? ஒருத்தருக்கொருத்தர் கை கொடுத்தால் இரண்டு பேர் பேரும் போகும் என்று காலையில் சொன்னார்கள். அப்படியானால் அவளும் போவாள், தனபாலும் போவான். அவன் பெண்டாட்டி நகையை அடகு வைத்து ஏஜெண்டுக்குக் கட்டியிருப்பதாகச் சொன்னானே. சொல்லாவிட்டால்? ஒன்பதாவது சுவர். சொல்லாவிட்டால் அவள் மட்டும் போவாள். இந்தப் பொம்பளைக்கு நேரத்துக்குக் கட்ட வரவில்லை என்று எழுதுவார்கள். பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன் என்று காத்தவராயன் சிரிப்பான், மூன்று கல்லைப் பெயர்த்தபோது சிரித்த அதே சிரிப்பு. வராமலா? வராமலா ஒன்பது வரி ஏறியது? அதுவும் இருபது நிமிஷம் கொத்தடிமை வேலை பார்த்துவிட்டு வந்து? அவள் மனசு ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி வந்து மறுபடி அந்த இரண்டு தட்டலில் போய் முட்டியது. டங், டங். அந்தச் சத்தத்துக்கு எழுந்திருக்காதே என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. மூலைமட்டம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், தூக்குப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள், கீழே உட்கார்ந்தபடியே உட்கார்ந்திருக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்கு மூன்று மாதம் போதாது போலிருக்கிறது. பிடரி விண்விண்ணென்று தெறித்தது. நகக்கண்ணில் சுண்ணாம்பு அரித்த இடம் எரிந்தது, சுண்டுவிரலில் மட்டும் எரியவில்லை. எரிந்தால் தேவலை என்று இருந்தது.

பத்தாவது சுவர் முடிந்து அதிகாரி வந்தார். இளவயது, தொப்பி போட்டிருந்தார், பின்னால் தயாளன் சார். அதிகாரி டேப்லட்டைப் பார்த்தபடியே, "பதினொண்ணு" என்றார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "கொஞ்சம் ஓரமா நில்லும்மா. கட்டுன ஆளு போட்டோவுக்கு வரட்டும்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பார்வை அவள் நெற்றிக்கு மேலே நின்றது. கையை உயர்த்தித் தொட்டுப் பார்த்தாள். சும்மாடு. மூன்றாவது பாண்டுக்குப் பிறகு இறக்கவே இல்லை. இவ்வளவு நேரமும் அதைத் தலையில் வைத்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். வெடுக்கென்று எடுத்துக் கையில் சுருட்டினாள்.

"நான்தான் சார் கட்டுனேன்."

"ஓ, சாரிம்மா." அவர் கூச்சப்பட்டுக்கொண்டு வேலையில் இறங்கினார். தூக்குக்குண்டு விட்டார். இரண்டு பக்கமும் விட்டார். ரசமட்டத்தை ஒவ்வொரு வரியிலும் வைத்துப் பார்த்தார். மூலைமட்டத்தை வைத்துவிட்டு இடுக்கில் காகிதம் நுழைகிறதா என்று பார்த்தார். நுழையவில்லை. தயாளன் சாரைத் திரும்பிப் பார்த்து, "இன்னிக்குப் பார்த்ததிலே நல்ல மூலை இதுதான்" என்றார். சொல்லிவிட்டு வரிகளை எண்ணினார். எண்ணி முடித்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. "ஏம்மா, இவ்வளவு நல்லா கட்டத் தெரிஞ்சவங்க அரை வரிய ஏன் விட்டீங்க?"

சொல்லக் கூடாது என்றுதான் கடைசியாக முடிவு பண்ணியிருந்தாள். ஆனால் அவர் நல்லா கட்டத் தெரிஞ்சவங்க என்று சொல்லிவிட்டார். கேட்டு வளர்ந்த வார்த்தையாக இருந்தால் தாங்கியிருப்பாள். "அவருக்கு மூணு பாண்டு கலவை தூக்குனேன் சார். பாண்டைத் தட்டுனாரு. பழக்கத்துல எழுந்துட்டேன். வேணும்னு செய்யல, அவரும் வேணும்னு கூப்புடல."

அதிகாரி தனபாலைப் பார்த்தார். "அப்படியா?"

தனபால் திருதிருவென்று விழித்தான். அவளைப் பார்த்தான், தன் சுவரைப் பார்த்தான், மறுபடி அதிகாரியைப் பார்த்தான். "இல்லீங்களே சார். எனக்கு யாரும் எதுவும் தரலியே. கலவை இருந்துச்சு, கட்டுனேன்."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் பூங்காவனத்தின் நெஞ்சில் அறைந்தது. பொய் சொல்லியிருந்தால் கத்தியிருப்பாள், மண்ணை வாரித் தூற்றியிருப்பாள். அவன் முகத்தில் தேடித் தேடிப் பார்த்தாள், ஒரு துளி கள்ளம் இல்லை. மூன்று தடவை அவன் கைக்குப் பக்கத்தில் அவள் நிழல் விழுந்திருக்கிறது. மூன்று தடவை காலிப் பாண்டு போய் நிறைந்த பாண்டு வந்திருக்கிறது. அவன் எதையும் பார்க்கவில்லை. கலவை இருந்தது. மழை பெய்தது, வெயில் அடித்தது என்கிற மாதிரி.

அதிகாரி குனிந்து தனபாலின் சுவரைக் கீழிருந்து மேலே பார்த்தார். ஆறாவது வரிக்கு மேல் கலவையை நகத்தால் கீறினார். பிறகு அவள் சுவரைக் கீறினார். இரண்டு நகத்தையும் பார்த்தார். தயாளன் சார் இருமினார்.

"இதை நான் எழுதுனா ரெண்டு பேர் பேரையும் அடிக்கணும்" என்றார் அதிகாரி. "எழுதல. உங்களுக்கு மறுதேர்வு போடுறேம்மா. அடுத்த பேட்ச்சோட. மூணு மாசம்."

"அவருக்கு?"

"அவரு பத்து வரி கட்டியிருக்காரே."

போட்டோ எடுத்துக்கொண்டார். சிரிக்கச் சொன்னார், அவள் சிரிக்கவில்லை. தனபால் பக்கத்தில் வந்து, "அக்கா, நெசமாவா? ஒனக்கு யாரு அள்ளிட்டு வரச் சொன்னது? எனக்குத் தெரியவே தெரியாதுக்கா" என்று கிட்டத்தட்ட அழுகிற குரலில் சொன்னான். தெரியும்பா என்றாள். வேறு என்ன சொல்ல? கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை என்று ஊரில் சொல்வார்கள். இங்கே வாய்க்கும் எட்டி, மென்றது மட்டும் வேறு ஒருத்தன். மூன்று மாதம். மூன்று மாதம் என்ன செய்வாள்? தலையை எங்கே கழற்றி வைப்பாள்?

பைக்குள் போன் அடித்தது. காத்தவராயன். பின்னால் கலவை மிஷின் ஓடுகிற சத்தம்.

"முடிஞ்சுதா? பாஸா?"

"இல்ல. மறுக்கா எழுதணும். மூணு மாசம்."

"சரி விடு. நான் சொல்லல?" அவன் சிரித்தான். திட்டாமல், ஆறுதலாகத்தான் சிரித்தான். "நாளைக்கு இங்க தளம் போடுறோம். சித்தாளு ரெண்டு பேரு கொறையுது, மேஸ்திரிகிட்ட நீ வருவன்னு சொல்லிட்டேன். காலைல ஆறு மணிக்கு வந்துரு."

"வர மாட்டேன்யா."

"இன்னாது?"

"கழுத்தெலும்பு தேஞ்சுபோச்சு. மாசி மாசமே சொல்லிட்டாங்க. ரெண்டு வெரலு செத்துப்போச்சு எனக்கு. துணி மூட்டைக்கு அடியில படம் இருக்கு, எடுத்துப் பாரு. இனிமே நான் பாண்டு தூக்க மாட்டேன். மூணு மாசம் வீட்டு வாசல்ல கல்லு வச்சு நானே கட்டிக் கட்டிப் பழகுறேன்."

அவன் வேறு ஏதாவது கேட்பான் என்று அவள் காத்திருந்தாள். எந்த விரல் என்றாவது கேட்பான் என்று.

"அப்ப எனக்கு யாருடி கலவை தூக்குறது?"

"தெரியல" என்றாள் பூங்காவனம். "நாளைக்குக் கலவை வந்து விழும்போது ஒரு தடவ திரும்பிப் பாருய்யா. யாருன்னு தெரியும்."